மின்புலச் செறிவு

ஓரிடத்தில் ஒரு கூலூம் நேர்மின்னூட்டத்தை வைத்தால் அது எவ்வளவு விசைக்கு உள்ளாகுமோ, அதுவே அவ்விடத்தின் மின்புலச் செறிவு. அலகு நியூட்டன்/கூலூம், வோல்ட்/மீட்டர் என்று சொன்னாலும் அதுவே. இதற்குத் திசையும் உண்டு: நேர்மின்னூட்டத்திலிருந்து வெளியே, எதிர்மின்னூட்டத்தை நோக்கி உள்ளே. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் மின்னூட்டம், மின்துகள் என்பதை இலங்கைத் தமிழ் நூல்கள் ஏற்றம் என்கின்றன.

புள்ளி மின்துகள் ஒன்றின் செறிவைக் காண்பது எளிது. மின்னூட்டத்தை 900 கோடியால் பெருக்கித் தொலைவின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். தொலைவு இரட்டித்தால் செறிவு கால்பங்காகும். இந்த வர்க்க விதியை 1773 அளவிலேயே கேவண்டிஷ் சோதித்துவிட்டார், ஆனால் வெளியிடவில்லை. மாக்ஸ்வெல் அந்தக் குறிப்புகளை அச்சேற்றியது 1879-ல். அதற்குள் புகழ் கூலூமைச் சேர்ந்துவிட்டது. அவர் 1785-ல் முறுக்குத் தராசு கொண்டு இரு சிறு பந்துகளுக்கு இடையிலான விசையை அளந்தார். அவர் அளந்தது விசையை மட்டுமே. 'புலம்' என்ற எண்ணம் அவரிடம் இல்லை. இடைவெளியே ஏதோ ஒரு நிலையில் இருக்கிறது என்று விசைக்கோடுகளை வரைந்து காட்டியவர் ஃபாரடே. பள்ளிக் கணிதத்துக்கு மேல் அறியாத அவருடைய படங்களை 1865-ல் மாக்ஸ்வெல் சமன்பாடுகளாக்கினார்.

நம் கைக்கு அகப்படும் பொருள் எதுவும் புள்ளி அன்று. கூலூமின் பந்துகளைக்கூட மிக அருகே கொண்டுவந்தால் மின்னூட்டம் இடம் மாறி, கணக்கு பிசகும். பொருளின் பருமனைவிடத் தொலைவு பெரிதாக இருக்கும்போதுதான் அதைப் புள்ளி என்று கொள்ளலாம். அப்படியானால் தொலைவிலிருந்து பார்க்கும் இடிமேகத்தையும் ஏறத்தாழப் புள்ளியாகக் கொள்ளலாமே. இந்த விதியின் சுவையான வரலாறு இங்கேதான் தொடங்குகிறது.

இந்திய வானிலைத் துறையில் பணியாற்றிய ஜார்ஜ் சிம்சன் சிம்லாவில் மழையின் மின்னூட்டத்தை அளந்து, 1909-ல் முடிவுகளை வெளியிட்டார். பெய்த மழையில் நேர்மின்னூட்டமே மிகுதி. ஆகவே மேகத்தின் அடிப்பகுதி நேர் என்றார். கேம்பிரிட்ஜில் சி. டி. ஆர். வில்சன் வேறு வழியில் போனார். மின்னல் வெட்டும் கணத்தில் தரையில் மின்புலம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்து, புள்ளி மின்துகள் விதியைத் திருப்பிப் போட்டு, மேகத்தின் மின்னூட்டத்தைக் கணக்கிட்டார். சில பத்துக் கூலூம் என்று விடை வந்தது. மேகத்தின் மேற்பகுதி நேர், கீழ்ப்பகுதி எதிர் என்பது அவர் முடிவு. வில்சனின் முதல் கட்டுரை 1916-ல் வந்தது.

சிம்சனும் வில்சனும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் முரண்பட்டனர். தீர்ப்பு சொன்னதும் சிம்சன் மேகத்துக்குள் அனுப்பிய பலூன்களே. 1937-ல் அவரும் ஸ்க்ரேஸ் என்பவரும் வெளியிட்ட அளவுகளின்படி உச்சியில் நேர், நடுவில் எதிர், அடியில் சிறிதளவு நேர். சிம்லாவில் அவர் மழையில் கண்டது பொய்யன்று. அதை மேகத்தின் அடி முழுவதற்கும் விரித்ததுதான் பிழை.

கல்வராயன் மலையை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மலையடிவாரத்திலுள்ள கோமுகி அணைக்கு நேர் மேலே 6 கி.மீ. உயரத்தில் 20 கூலூம் எதிர்மின்னூட்டம் திரண்டிருப்பதாகக் கொள்வோம். 18,000 கோடியை 3 கோடியே 60 லட்சத்தால் வகுத்தால் 5,000 வோல்ட்/மீட்டர். நிலமும் மின்கடத்தி, அதில் தூண்டப்படும் மின்னூட்டம் இதை இரட்டிப்பாக்க, அணைக்கரையில் செறிவு 10,000 ஆகிறது. அணையிலிருந்து 8 கி.மீ. தள்ளிச் சமவெளியில் நின்றால் மின்னூட்டம் 10 கி.மீ. தொலைவில் இருக்கும், செங்குத்துக் கூறு மட்டுமே எஞ்சி, 2,160 என்று குறைந்துவிடும். மேகத்தின் மேற்பகுதியிலுள்ள நேர்மின்னூட்டம் இதையும் ஓரளவு குறைக்கும்.

வானம் வெளுத்திருக்கும் நாளிலும் தரையருகே ஏறத்தாழ 100 வோல்ட்/மீட்டர் உண்டு. ஆனால் அது கீழ்நோக்கிய புலம். மேகத்தின் எதிர்மின்னூட்டத்துக்கு அடியில் திசை மேல்நோக்கித் திரும்பிவிடும். தெளிந்த வானத்தின் இந்தப் புலத்தைத் திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அளந்துவருகிறது.

கல்வராயன் மலையில், சில இடங்களில் 1,000 மீட்டரைத் தாண்டும் பெரிய கல்வராயன் பகுதியில் கணக்கு இவ்வளவு எளிதாக இருக்காது. அங்கே நிற்பவர் மேகத்துக்கு இன்னும் அருகில் இருக்கிறார். தரையும் சமமில்லை, முகடு, தனிமரம், நிற்கும் ஆள் என நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றின் நுனியிலும் புலம் பலமடங்கு செறியும். அங்கே இடிமழை நேரத்தில் தலைமயிர் தானாக நிமிர்ந்தால், மரத்தடியில் ஒதுங்காமல் உடனே தாழ்வான இடத்துக்கு இறங்கிவிடுங்கள்.