விலக்கப்பட்ட பாடம்

வழக்கு மன்றத்திலே குற்றம் சாட்டப்பட்டு நிற்கிறார் ஓர் இளைஞர். வயது 24. கொலை செய்தவரல்லர், கொள்ளையடித்தவரல்லர், ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்தவருமல்லர். அவர் ஓர் ஆசிரியர். மனிதன் எவ்வாறு தோன்றினான் என்று அறிவியல் கண்டுரைத்ததை உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குக் கற்பித்தார் என்பதே அவர்மீது சாற்றப்பட்ட குற்றம்!

இருண்ட காலத்து ஐரோப்பாவில் நடந்ததன்று இது. 1925-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள். அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலம். டேட்டன் என்னும் சிற்றூர். விமானம் பறக்கிறது, வானொலி பேசுகிறது, அந்த வழக்கே வானொலியில் ஒலிபரப்பாகிறது. கருவி புதியது, கருத்தோ பழையது!

அவ்வாண்டு மார்ச்சுத் திங்களிலேதான் அச்சட்டம் பிறந்தது. கொணர்ந்தவர் பட்லர் என்ற உழவர், சட்டமன்ற உறுப்பினர். மனிதனைக் கடவுள் படைத்தார் என விவிலியம் கூறுவதை மறுத்து, கீழ்நிலை உயிர்களினின்று மனிதன் தோன்றினான் என்று அரசுப் பொருளில் நடக்கும் பள்ளிகளிலே கற்பித்தல் கூடாது. மீறினால் 100 முதல் 500 டாலர் வரை தண்டம்! இதுவே சட்டத்தின் சாரம்.

வேடிக்கையைக் கேளுங்கள், தோழர்களே! அதே மாநில அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கெனத் தேர்ந்தெடுத்துத் தந்திருந்த பாடநூல், ஜார்ஜ் ஹண்டர் எழுதிய 'குடிமை உயிரியல்'. அதிலே டார்வின் உண்டு, பரிணாமமும் உண்டு. பாடத்தை நடத்தாவிடில் கடமை தவறியவர். நடத்தினாலோ சட்டத்தை மீறியவர்! ஒரு கையால் ஏட்டை நீட்டி, மறு கையால் விலங்கை நீட்டியது அரசு.

இச்சட்டத்தை எதிர்த்து நிற்கும் ஆசிரியர்க்குத் துணை நிற்போம் என்று அறிவித்தது அமெரிக்கக் குடியுரிமைச் சங்கம். முன்வந்தார் ஜான் ஸ்கோப்ஸ். அவர் பந்தாட்டப் பயிற்சியாளர். உயிரியல் ஆசிரியர் வராத நாள்களில் அவ்வகுப்பை ஏற்றவர். அவருக்காக வாதாடினார் கிளாரன்ஸ் டாரோ. எதிர்ப்புறத்திலே, மூன்று முறை குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மன்றம் திறந்த வெளிக்கு மாற்றப்பட்ட நாளில், பிரையனையே சாட்சியாக அமர்த்தி விவிலியம் பற்றி வினாமேல் வினாத் தொடுத்தார் டாரோ. மறுநாள் தீர்ப்பு: ஸ்கோப்ஸ் குற்றவாளி, தண்டம் 100 டாலர். 1927-இல் மேல்மன்றம் அத்தண்டனையை நீக்கியது. எதற்காக? தண்டத் தொகையை முறைகாணாயம் குறிக்காமல் நீதிபதி குறித்துவிட்டார் என்பதற்காக! சட்டம் மட்டும் அசையாமல் நின்றது.

ஏடுகள் நகைத்தன, எள்ளல் பெருகியது. பகுத்தறிவு வென்றது என்று பலர் மகிழ்ந்தனர். வென்றதா?

1926-இல் ஹண்டரின் நூல் புதிய பதிப்பாக வந்தது. பரிணாமம் என்ற சொல் அதிலே இல்லை! அதே ஆண்டு மிசிசிப்பியும், 1928-இல் ஆர்க்கன்சாவும் தத்தமக்குத் தடைச்சட்டம் இயற்றிக்கொண்டன. சட்டம் இல்லாத மாநிலங்களிலோ சட்டம் தேவைப்படவில்லை. நூல் விலை போகாதே என்று பதிப்பாளர் அஞ்சினர். பல நூல்களிலே டார்வின் சுருங்கினார், சிலவற்றிலே மறைந்தார். டேட்டன் வழக்கை உலகம் பார்த்தது. அச்சுக்கூடத்திலே நடந்ததை எவரும் பார்க்கவில்லை. ஆசிரியர் தண்டத்தினின்று தப்பினார். எந்த மன்றத்திலும் நிற்காத இலட்சக்கணக்கான மாணவர்கள் முப்பதாண்டுக் காலம் தண்டம் செலுத்தினர், அறியாமை என்னும் நாணயத்தால்!

பிறகு கதவு எப்போது திறந்தது? 1957 அக்டோபர் 4. சோவியத்து நாட்டின் ஸ்புட்னிக் விண்ணிலே சுற்றியது, அமெரிக்கா திடுக்கிட்டது. நம் பள்ளிகளிலே என்ன அறிவியல் கற்பிக்கிறோம் என்று அப்போதுதான் கேட்டது! 1958-இல் கல்விக்குப் பெரும்பொருள் ஒதுக்கும் சட்டம் வந்தது. உயிரியல் பாடத்திட்டத்தைப் புதுக்க அறிஞர் குழு அமைந்தது. 1963-இல் அக்குழுவின் நூல்கள் நீலம், பச்சை, மஞ்சள் அட்டைகளோடு மூன்று வடிவங்களில் வெளிவந்தன. மூன்றிலும் பரிணாமமே உள்ளிழை. உண்மையின்பால் கொண்ட காதல் செய்யாததைப் போட்டியாளன்பால் கொண்ட அச்சம் செய்தது. அச்சம் மூடிய கதவை அச்சமே திறந்தது!

1967-இல் டென்னசி தன் சட்டத்தைக் கைவிட்டது. 1968-இல், சூசன் எப்பர்சன் என்ற உயிரியல் ஆசிரியை தொடுத்த வழக்கிலே, ஆர்க்கன்சாவின் தடை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கதையின் மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. ஹண்டரின் அதே நூல், மனித இனங்களைப் படிநிலையாக அடுக்கி, வெள்ளையரை உச்சியிலே வைத்தது. நல்வித்து, தீவித்து என்று மாந்தரைப் பிரிக்கும் கொள்கையையும் அறிவியல் என்றே போதித்தது. ஆதிக்கம் மதத்தின் ஆடையிலே வரும். அறிவியலின் ஆடையிலும் வரும். பாடநூலிலே இருப்பதனாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. அதையும் ஐயுறக் கற்பிப்பதே அறிவியல் வகுப்பு.

அமெரிக்காவின் கதை என்று இதை மூடி வைத்துவிடலாமா? 2023-இல், இந்தியாவின் நடுவண் பாடத்திட்டத்துப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலினின்று பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. சொல்லப்பட்ட காரணம், மாணவரின் சுமையைக் குறைத்தல்! அறிவியலாளரும் ஆசிரியருமாக 1,800-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டுக் கண்டித்தனர். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலிலே அப்பாடம் இருக்கிறது என்றனர். உயிரியலை எடுப்பவர்க்கு இருக்கிறது, எடுக்காதவர்க்கு? பத்தாம் வகுப்போடு அறிவியலிடம் விடைபெறும் பிள்ளை, தான் எப்படி வந்தேன் என்பதை எந்த வகுப்பிலே கேட்பது?

இங்கே எந்த ஆசிரியரும் வழக்கு மன்றம் ஏறவில்லை, எவருக்கும் தண்டமில்லை. டேட்டனுக்குப் பின் நடந்ததும் அதுதானே! ஆகவே தோழர்களே, உங்கள் தம்பி தங்கையரின் அறிவியல் நூலை இன்றே வாங்கிப் புரட்டுங்கள். என்ன இருக்கிறது என்று மட்டுமன்று, என்ன இல்லை என்றும் பாருங்கள். தடை செய்யப்பட்ட நூலைத் தேடிப் படிப்பவர் எப்போதும் உண்டு. அச்சேறாத பக்கத்தை, நாம் தேடாவிடில், வேறு யார் தேடுவார்?