பல்லின்மேல் விழுந்த பழி

1839ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,016 சாவுகளுக்குப் பல் முளைத்தலே காரணம் என இறப்புப் பதிவேடு குறித்தது. குழந்தைக்குப் பல் அரும்பும் பருவமும், தாய்ப்பால் குறைந்து பிற உணவு புகும் பருவமும் ஏறக்குறைய ஒன்றே. அழுக்கு நீரும் கெட்ட பாலும் வயிற்றுப்போக்கை விளைவித்த காலம் அது. கிருமி கண்ணுக்குத் தெரியவில்லை, பல் தெரிந்தது. பழி பல்லின்மேல் விழுந்தது.

பழியைத் தொடர்ந்து தண்டனையும் வந்தது. பல் வெளிவர வழிசெய்வதாக எண்ணி ஈறுகளைக் கத்தியால் கீறினர். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் அம்புருவாஸ் பாரே கைக்கொண்ட அம்முறை 19ஆம் நூற்றாண்டிலும் வழங்கிற்று. அமெரிக்காவில் 1849இல் விற்பனைக்கு வந்த வின்ஸ்லோ அம்மையார் பாகில் அபினிச் சத்தாகிய மார்பின் இருந்தது. அழுகை நின்றது உண்மையே. சில குழந்தைகள் பிறகு கண் விழிக்கவில்லை.

ஆயினும் நெடுங்காலம் ஐயத்துக்கு ஆளாகாமல் இருந்தது பல்முளைப்புப் பொடிதான். அதில் கலந்தது காலோமெல் என்னும் பாதரசச் சேர்க்கை. சித்த மருத்துவர் பூரம் என்பர். கைகால் சிவந்து, தோல் உரிந்து, வெளிச்சத்துக்குக் கூசி, ஓயாது அழுத குழந்தைகளைப்பற்றி ஆஸ்திரேலியாவில் மருத்துவர் ஸ்விப்ட் 1914இல் எழுதினார். அது 'இளஞ்சிவப்பு நோய்' எனப் பெயர்பெற்றது. சத்துக்குறைவு என்றனர் சிலர்; தொற்று என்றனர் சிலர். 1945இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜோசப் வார்க்கனியும் அவர்தம் துணைவர் ஹப்பார்டும் இந்நோயுற்ற குழந்தையின் சிறுநீரில் பாதரசம் கண்டனர். 1948இல் 'லான்செட்' இதழில் தம் ஆய்வை வெளியிட்டனர்.

மருத்துவ உலகம் உடனே இசையவில்லை. பொடி உண்ட குழந்தைகள் மிகப் பலர், நோயுற்றோர் மிகச் சிலர்; பொடியே காரணமாயின் ஏனையோர் தப்பியது எங்ஙனம் என்று வினவினர். வினா முறையானதே. ஆனால் ஒரு நஞ்சு எல்லா உடலையும் ஒன்றுபோல் தாக்குவதில்லை. பிரிட்டனில் 1954இல் பொடி செய்வோர் காலோமெலை நீக்கினர். சில ஆண்டுகளில் நோயும் மறைந்தது. இதனினும் வலிய சான்று வேறென்ன வேண்டும்?

பொடி போயினும் பூச்சுமருந்து நின்றது. இரண்டு வயதுக்குட்பட்டோரின் ஈறுகளில் பென்சோகெயின் கலந்த மருந்தைத் தடவலாகாது என அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2018இல் எச்சரித்தது. அது குருதியின் உயிர்வளி சுமக்கும் ஆற்றலைக் குன்றச்செய்யக்கூடும். தூய விரலால் ஈறுகளை மெல்லத் தேய்த்தலும், குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியைக் கடிக்கக் கொடுத்தலுமே மருத்துவர் இன்று கூறும் வழி. கடுங்காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டால் பல்லைக் காரணம் காட்டித் தாமதிக்காமல் குழந்தையை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.