கைமாறிய அணி

'தி அல்டிமேட்ஸ்' காமிக்ஸ் தொடர் புதுச் சரக்கு அல்ல. 1963-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் சேர்த்துவைத்த அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ கூட்டத்தைத்தான் மார்வெல் நிறுவனம் 2002-இல் வேறு உடுப்பு மாட்டிக் கடைக்கு அனுப்பியது. எல்லாம் பணமுடை செய்த வேலை. 1996 கடைசியில் திவால் மனு போட்டுத் தட்டுத்தடுமாறி எழுந்த நிறுவனத்துக்குப் புது வாசகர்கள் வேண்டியிருந்தது. அவர்களோ முப்பது நாற்பது வருடக் கதை மூட்டையைப் பார்த்தே மிரண்டு ஓடினார்கள். முன்கதை தெரியாதவரும் முதல் பக்கத்திலிருந்து படிக்கட்டும் என்று 2000-இல் 'அல்டிமேட்' என்ற தனி உலகத்தைத் திறந்தார்கள். ஸ்பைடர்-மேன் முதலில் குடிபோனார், எக்ஸ்-மென் பின்னால் போனார்கள், பிறகு இந்த அணி.

கதை மார்க் மில்லர், ஸ்காட்லாந்துக்காரர். ஓவியம் பிரையன் ஹிட்ச், இங்கிலாந்தின் வடகோடியில் பிறந்தவர். ஹிட்ச் ஏற்கெனவே 'தி அத்தாரிட்டி'யில் பக்கத்தைக் குறுக்காக அறுத்து, சினிமாத் திரைபோல அகன்ற கட்டங்களாக வரைந்து பெயர் வாங்கியவர். மில்லர் எழுதிய திரைக்கதை அவரிடம் போய், பென்சில் ஓவியமாகி, மை பூசுபவர், வண்ணம் போடுபவர், வசனக் குமிழி எழுதுபவர் என்று கைமாறி அச்சகம் சேர வேண்டும். அமெரிக்கக் கடைகளில் புதன்கிழமைதோறும் புது இதழ்கள் அடுக்கப்படும். மாதத்தில் ஒரு புதன் இந்த இதழுக்கு உரியது என்பது ஏற்பாடு. ஏற்பாடு மட்டும்தான்.

ஹிட்ச் ஒரு தெருவை வரைந்தால் அத்தனை ஜன்னலையும் வரைவார். ஹல்க் ஒரு கட்டடத்தை உடைத்தால் உதிரும் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் உண்டு. இப்படி வரைந்தால் மாதம் ஒன்று எப்படி வரும்? முதல் 13 இதழ்கள் வந்து முடிய இரண்டு வருடம் ஆனது. 'அல்டிமேட்ஸ் 2' என்ற அடுத்த 13 இதழ்கள் 2004 கடைசியில் தொடங்கி 2007 மே மாதம் முடிந்தன. ஆக 26 இதழுக்கு ஐந்து வருடத்துக்கு மேல். கடைசி இதழில் எட்டுப் பக்கம் ஒன்றாக விரியும் ஒரே சண்டைக் காட்சி. கடன்காரன் வட்டியோடு வந்து நின்ற மாதிரி இருந்தது.

வாசகர்கள் வைதுகொண்டே காத்திருந்தார்கள் என்றால் உள்ளே விஷயம் இருந்தது. இந்த அணி அரசாங்கச் சம்பளத்தில் இருக்கிறது. செப்டம்பர் 11-க்குப் பிந்தைய அமெரிக்காவின் ராணுவ மிடுக்கும் பயமும் கதை முழுக்க ஓடுகின்றன. முதல் பெரிய எதிரி எங்கிருந்தோ வந்த வில்லன் அல்ல. அணியின் விஞ்ஞானி புரூஸ் பேனர் தானே மருந்தேற்றிக்கொண்டு ஹல்க்காக மாறி, நியூயார்க்கில் நூற்றுக்கணக்கானவர்களைக் கொல்கிறான். அவன் தங்கள் ஆள் என்பதை அரசு மறைத்துவிட்டு வெற்றி விழா கொண்டாடுகிறது. அணியைச் சேர்ந்த ஹேங்க் பிம் தன் மனைவி வாஸ்ப்பை அடித்து நொறுக்கும் இதழைப் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது எளிதல்ல. தோர்? உண்மையிலேயே இடிக்கடவுளா, இல்லை மனம் பிசகிய முன்னாள் நர்ஸா என்ற கேள்வியை 26 இதழ் வரை இழுத்துவந்தார் மில்லர். அந்த இழுவைக்காக மட்டுமே அவருடைய மற்ற அலட்டல்களை மன்னிப்பேன். அலட்டல் கொஞ்சமல்ல; பிரான்ஸைக் கிண்டலடிக்கும் கேப்டன் அமெரிக்கா வசனத்தை இன்று படித்தால் கூச்சமாகத்தான் இருக்கிறது.

தனி இதழ் என்பது நடுவில் பின் அடித்த மெல்லிய பொருள். அன்று கதை ஏறக்குறைய 22 பக்கம், மிச்சமெல்லாம் விளம்பரம். ஆறேழு இதழ் சேர்ந்ததும் விளம்பரத்தைக் கழற்றிவிட்டுப் பசைபோட்டுத் தொகுப்பாக்குகிறார்கள். 'சூப்பர்-ஹ்யூமன்' முதல் தொகுப்பு, 'ஹோம்லேண்ட் செக்யூரிட்டி' இரண்டாவது. பின்னாளில் இவையெல்லாம் சேர்ந்து, நம்மூர் காமிக்ஸ் வாசகர்கள் செல்லமாகச் சொல்கிற 'குண்டு புக்' ஆகவும் வந்தன. பசை ஹிட்சுக்கு நல்லது செய்யவில்லை. அவருடைய இருபக்கப் படங்களின் நடுப்பகுதியைப் புத்தகத்தின் முதுகு விழுங்கிவிடுகிறது. முழுக்கப் பார்க்க வேண்டுமானால் முதுகெலும்பை முறிக்க வேண்டும், அதற்கு மனசு வராது. ஆனால் ஒரு பெரிய உபகாரத்தைச் செய்தது. தாமதம் மறைந்துபோனது. 2002-க்கும் 2004-க்கும் நடுவே ரசிகர்கள் பட்ட அவஸ்தை, பக்கம் புரட்டும் நேரமாகச் சுருங்கிவிட்டது.

அதே பசை அடுத்து வந்தவர்களைக் காட்டிக்கொடுத்தது. 2007 டிசம்பரில் 'அல்டிமேட்ஸ் 3' தொடங்கியது. கதை ஜெஃப் லோப். பேட்மேனுக்கு 'தி லாங் ஹாலோவீன்', 'ஹஷ்' எழுதியவர், சாமானியர் அல்ல. ஓவியம் ஜோ மடுரேரா. 1990-களில் எக்ஸ்-மென்னுக்குப் புது ரத்தம் பாய்ச்சி, 'பேட்டில் சேஸர்ஸ்' என்று சொந்தத் தொடர் தொடங்கி, அதைப் பாதியில் விட்டுவிட்டு வீடியோ கேம் பக்கம் போனவர். தாமதத்தில் ஹிட்சுக்கு அண்ணன். மொத்தம் 5 இதழ்தான். 'ஸ்கார்லெட் விட்சைக் கொன்றது யார்?' என்ற தலைப்பில் தொகுப்பாக வந்தது.

மாதாமாதம் வாங்கியவருக்கு இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் நடுவே அரை வருடத்துக்கு மேல் இடைவெளி. தோர் முன்பு எப்படிப் பேசினார் என்று அதற்குள் கொஞ்சம் மங்கியிருக்கும். தொகுப்புகளை அடுக்கிவைத்துப் படிப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டாம் பாகத்தின் கடைசிப் பக்கம் வரை பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசிய தோர், மூன்றாம் பாகத்தின் முதல் இதழிலேயே புராண நாடகத்து ராஜபார்ட்டாகச் செந்நடையில் முழங்குகிறார். மனைவி மக்களைப் பறிகொடுத்த வில்லாளி ஹாக்ஐ, துக்கத்துக்குப் பதிலாக முகமூடியும் இரண்டு துப்பாக்கியும் மாட்டிக்கொண்டு திரிகிறான். அணியை நடத்திய நிக் ஃப்யூரி ஊரிலேயே இல்லை. அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்கின் படுக்கையறை வீடியோ ஊருக்கே போய்விட்டது என்று கதை தொடங்குகிறது. ஐந்து நிமிடத்தில் ஸ்பைடர்-மேனின் எதிரி வெனம் சுவரை உடைத்துக்கொண்டு வருகிறான், ஏன் என்று கேட்கக்கூடாது. மடுரேராவின் கோடுகளில் இன்னும் துள்ளல் இருக்கிறது. அவற்றின் மேல் அப்பிய பழுப்பு இருட்டில் யார் யாரை அடிக்கிறார்கள் என்பதைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

லோப் மோசமாக எழுதினார் என்று மட்டும் சொன்னால் நியாயமில்லை. அவர் எழுதியது 1960-களின் அவெஞ்சர்ஸை நேசித்து வளர்ந்த ஒருவரின் கதை. செந்நடைத் தோர் அங்கே பிறந்தவர்தான். ஆனால் அந்த மூட்டையை இறக்கிவைக்கத்தானே இப்படி ஒரு உலகத்தையே திறந்தார்கள்? இந்த அணியின் அடையாளம் உடுப்பிலோ பெயரிலோ இல்லை. இன்ன காரியத்துக்கு இன்ன விளைவு, அந்த விளைவோடு இவர்கள் வாழ்ந்தாக வேண்டும் என்ற கண்டிப்பில் இருந்தது. அதை எழுதித் தீர்க்கவும் வரைந்து தீர்க்கவும் நேரம் பிடித்தது. புது ஆட்கள் கைக்குப் பெயர்கள் வந்து சேர்ந்தன, கண்டிப்பு வழியிலேயே இறங்கிக்கொண்டது.

பிறகு நடந்தது விரைவான சரிவு. லோப் எழுதி டேவிட் ஃபின்ச் வரைந்த 'அல்டிமேட்டம்' 2008 கடைசியில் தொடங்கியது. எக்ஸ்-மென்னின் எதிரி மேக்னீட்டோ கிளப்பிய பேரலையில் நியூயார்க் மூழ்கியது, நாயகர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். வாஸ்ப்பை ஒருவன் தின்கிறான். அதற்கு மேல் விவரிக்கப் பிடிக்கவில்லை. அந்த உலகத்தை 2015-இல் 'சீக்ரெட் வார்ஸ்' தொடரில் மார்வெலே இழுத்து மூடியது. கருப்பின ஸ்பைடர்-மேன் சிறுவன் மைல்ஸ் மொராலஸ் தப்பித்து மூல உலகத்துக்கு வந்தான்.

முதல் 26 இதழ்களோ வேறு வாகனம் ஏறிவிட்டன. ஹிட்ச் நிக் ஃப்யூரிக்கு சாமுவேல் ஜாக்சன் முகத்தை வரைந்திருந்தார். 2008-இல் 'அயர்ன் மேன்' படத்தின் கடைசியில் சாமுவேல் ஜாக்சனே ஃப்யூரியாக வந்து நின்றார். 2012 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் நியூயார்க்கைத் தாக்கிய சிட்டாரி கூட்டத்தின் பெயர் இந்த இதழ்களில் பிறந்தது. ஹாக்ஐக்கு மனைவி மக்கள் உண்டு என்று 2015-இல் வந்த அடுத்த அவெஞ்சர்ஸ் படம் காட்டியபோது பழைய வாசகர்கள் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தப் படங்களில் மூன்றாம் பாகத்தின் சாயலைத் தேடியிருக்கிறேன், என் கண்ணில் படவில்லை.

2024-இல் மார்வெல் மறுபடி ஒரு 'அல்டிமேட்ஸ்' தொடங்கியது. டெனிஸ் கேம்ப் கதை, யுவான் ஃப்ரிகேரி ஓவியம். இந்தப் புது அல்டிமேட் உலகத்தில் இதழ் வர ஒரு மாதம் ஆனால் கதையிலும் ஒரு மாதம் ஓடியிருக்கும் என்பது ஏற்பாடு. ஹிட்சுக்கு இந்த வேலை கொடுத்திருந்தால் தோருக்கு நரைத்திருக்கும்.