நாட்பட்ட வலியும் பதற்றமும்: வாசுதேவநல்லூர் முதல் மூளையியல் வரை

தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் வாசுதேவநல்லூர். இதன் அருகிலுள்ள நெற்கட்டும்செவலை ஆண்ட பூலித்தேவரின் கோட்டைகளில் ஒன்று இங்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் யூசுப் கான் 1759-இல் இக்கோட்டையைத் தாக்கித் தோல்வியடைந்தார். 1761-இல் கோட்டை வீழ்ந்தது.

அப்போர்க்காலம் பற்றிய வாய்மொழிக் கதைகளில் பூலித்தேவரின் தளபதி வெண்ணிக் காலாடி இடம்பெறுகிறார். வயிறு கிழிந்து சரிந்த குடலைத் துணியால் கட்டிக்கொண்டு அவர் தொடர்ந்து போரிட்டதாகக் கூறுவர். இது வீரத்தைப் போற்றும் மரபு. ஆயினும், கடுமையாகக் காயமுற்றவர் வலியை உணராமல் போரிட முடியுமா என்ற கேள்வி மருத்துவத்திலும் எழுந்தது.

போர்க்களத்தில் வலி

இரண்டாம் உலகப்போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயமடைந்த 215 வீரர்களை ஆராய்ந்து 1946-இல் கட்டுரை வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலிநீக்கி மருந்து வேண்டாம் என்றனர். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்பது இதனால் தெளிவாயிற்று.

1965-இல் மெல்சாக், வால் ஆகியோர் வலிச் செய்திகளைத் தண்டுவடத்திலுள்ள ஒரு 'வாயில்' கட்டுப்படுத்துகிறது என்றும், மூளையால் அதனை மாற்ற முடியும் என்றும் விளக்கினர். 1969-இல் ரெனால்ட்ஸ் என்பவர் எலிகளின் நடுமூளையை மின்சாரத்தால் தூண்டி, மயக்க மருந்தின்றியே வயிற்று அறுவை செய்து காட்டினார். 1975-இல் மார்பின் போலச் செயல்படும் என்கெபலின்கள் மூளையிலேயே இருப்பதை ஹியூஸும் கோஸ்டர்லிட்ஸும் கண்டறிந்தனர்.

அச்சமும் பதற்றமும்

கண்முன் நிற்கும் ஆபத்து தருவது அச்சம்; வரக்கூடும் என்று எண்ணும் ஆபத்து தருவது பதற்றம். 2000-இல் வெளியான ரூடி, மீகர் ஆய்வில், மின்னதிர்ச்சி பெற்று அச்சமுற்றவர்களுக்கு வலியுணர்வு குறைந்தது. அதிர்ச்சி வரும் என்று எச்சரிக்கப்பட்டும் அதைப் பெறாமல் காத்திருந்தவர்களுக்கு வலியுணர்வு கூடியது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் வரும் வலி நாட்பட்ட வலி எனப்படுகிறது. இதில் வலியும் பதற்றமும் ஒன்றையொன்று வளர்க்கக்கூடும். மூளையின் முன்புற சிங்குலேட் புறணி இவ்விரண்டிலும் பங்கு கொள்கிறது. 2015-இல் மின் சூவோ குழுவினர் எலிகளில் செய்த ஆய்வில், நரம்புக் காயமும் பதற்றமும் இப்பகுதியின் நரம்பு இணைப்புகளில் ஒரே வகை மாற்றத்தை உண்டாக்குவதைக் கண்டனர். அதனோடு தொடர்புடைய அயனித் தடம் ஒன்றை அப்பகுதியில் தடுத்தபோது, வலி, பதற்றம் இரண்டும் குறைந்தன.

முக்கியத்துவம்

தென்காசி வட்டாரத்தில் பெண்கள் பலர் மணிக்கணக்கில் குனிந்தமர்ந்து பீடி சுற்றுகின்றனர். கழுத்து வலி, முதுகு வலி என்று வருவோரிடம் படத்தில் குறை எதுவும் தெரியாவிட்டால், 'எல்லாம் மனசுதான்' என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் பதற்றம் கலந்திருப்பதால் வலி பொய்யாகிவிடாது. இரண்டும் ஒரே மூளையில் நிகழ்பவை. வலிக்கு மருந்தளிப்பதோடு உறக்கம், கவலை, வேலைச்சுமை ஆகியவற்றையும் கேட்டறிந்து செய்யும் மருத்துவமே இங்குத் தேவைப்படுகிறது.