‘கொ’ எழுத்தும் விளையாட்டு நிரலும்

பிள்ளைகள் அருகில் இருந்தால் ஒரு தாளில் ‘கொ’ என்று எழுதச் சொல்லுங்கள். முதலில் கொம்பு போடுவார்கள், பிறகு ககரம், கடைசியில் கால். ஆனால் காதில் விழுவதோ முதலில் ‘க்’, பிறகுதான் ‘ஒ’. கையின் வரிசை வேறு, காதின் வரிசை வேறு. இந்தச் சின்னப் பிணக்கு தமிழ்க் கணினியைப் பல்லாண்டு அலைக்கழித்தது என்றால் நம்புவீர்களா?

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். செக்ரோலில் ஆளுக்கொரு எண் இருப்பதுபோல எழுத்துக்கொரு எண் வேண்டும். தொடக்கத்தில் எழுத்துரு செய்தவர்கள் அவரவர் விருப்பப்படி எண் கொடுத்தார்கள். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது நண்பனுக்குத் தமிழில் இரண்டு பக்கக் கடிதம் தட்டி அனுப்பினேன். அவனுடைய கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறந்தது. கிண்டல் செய்கிறேன் என்று எண்ணி, அவன் கோபித்துக்கொண்டான்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முன்வந்தவர்களில் பலர் ஆர்வத்தால் இறங்கியவர்களே. நம் ஜொகூர் பாலத்துக்கு அக்கரையில், சிங்கப்பூரில், தமிழாசிரியர்களைப் பயிற்றுவித்த சிறுகதை எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995 அக்டோபரில் தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்ற வழி செய்தார். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1980களிலிருந்தே ‘முரசு’ மென்பொருளை வளர்த்துவந்தார். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். 1997 மே மாதம் சிங்கப்பூரில் கோவிந்தசாமி முன்னின்று தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். பின்னர் 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் கூடினார்கள். எந்த எழுத்துக்கு எந்த இடம் என்று வாதாடினார்கள். கோவிந்தசாமி 1999 மே மாதமே மறைந்துவிட்டார் என்பது நமக்குப் பேரிழப்பு.

அதே 1995ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஒரு நிரல்மொழியின் முதல் வடிவத்தைச் செய்து முடித்தார். அதுதான் ஜாவாஸ்கிரிப்ட். இணையப் பக்கத்தைக் காட்டும் உலாவிக்குள்ளேயே அது இயங்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வெறும் விளையாட்டுப் பொருள் என்று பெரிய நிரலர்கள் ஒதுக்கியதும் உண்டு. விளையாடுகிறவர்களுக்கு அதுவே வசதியாயிற்று! 2010இல் 1024 எழுத்துகளுக்குள் ஒரு வேடிக்கை நிரல் எழுதும் போட்டி தொடங்கியது. ஒரு பக்கக் கடிதத்தின் அளவுதான். ஒருவர் செய்த விளையாட்டை மற்றவர் பிரித்துப் பார்த்துக் கற்றார். 2009இல் அமெரிக்காவில் தொடங்கிய இவர்களது மாநாடு 2012இல் சிங்கப்பூருக்கும் வந்தது.

தமிழர்களும் இந்த மொழியை எடுத்தாண்டார்கள். சுரதா யாழ்வாணன் ‘பொங்குதமிழ்’ என்னும் எழுத்துமாற்றியைச் செய்து எல்லோருக்கும் திறந்துவிட்டார். ஒருங்குறி என்னும் உலகப் பொது முறையில் ககரத்தின் எண் 2965. எந்த நாட்டுக் கணினியிலும் அதுவே. பழைய எழுத்துருக்களில் கொம்பு முன்னால் நிற்கும். ஒருங்குறியிலோ ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால், காது கேட்கும் வரிசையிலேயே. மாற்றி செய்வது இதுதான்: பழைய எண்ணுக்குப் புதிய எண்ணை இட்டு, முன்னால் நிற்கும் கொம்பைத் தூக்கி ககரத்துக்குப் பின்னே வைத்துவிடும்.

சில ஆண்டுகள் கழித்து, பழைய வட்டு ஒன்றில் கிடந்த அந்தக் கடிதத்தை இந்த மாற்றியில் இட்டேன். கண்ணெதிரே ‘அன்புள்ள நண்பா’ என்று திறந்தது. அன்றே அவனுக்கு மீண்டும் அனுப்பிவைத்தேன்.