மினிக்குள் புகுந்த மழை

1959 ஆகஸ்ட் 26 அன்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஒரு சின்னக் காரை வெளியிட்டது. நீளம் 10 அடி, என்ஜின் 848 சி.சி., விலை வரியோடு 496 பவுண்டு 19 ஷில்லிங் 2 பென்ஸ். ஆஸ்டின் செவன், மோரிஸ் மினி-மைனர் என்று இரண்டு பெயர்களில் விற்பனைக்கு வந்த அந்த வண்டி, பின்னால் உலகம் முழுக்க மினி என்றே அறியப்பட்டது. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்ஜினைக் குறுக்காக வைத்து, கியர் பெட்டியை அதன் அடியிலேயே அடக்கி, நான்கு பேர் உட்காரும் இடத்தை அந்தப் பத்தடிக்குள் பிடித்துவிட்டார். ஆனால் மழைக்காலம் வந்ததும் வாங்கியவர்களின் கால் நனைந்தது. கதவும் கண்ணாடியும் மூடியே இருக்கும். காலடி விரிப்பு மட்டும் சொதசொதவென்று ஊறிக் கிடக்கும். காரோடு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் தர வேண்டும் என்ற பேச்சு அப்போது கிளம்பியது. மினியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வேடிக்கைத் துணுக்காகச் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள்: யாரோ ஒரு தகட்டைத் தலைகீழாகப் பொருத்திவிட்டார்கள், பிறகு சரிசெய்தார்கள் என்று. இந்த விளக்கம் போதாது என்பது என் கருத்து. அந்தக் கார் எந்த வரிசையில் யோசிக்கப்பட்டது என்பதற்கு அந்த ஒழுகல்தான் நேரடியான சாட்சி.

முதலில் அந்தத் தகட்டைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஓட்டு வீட்டுக்குக் கூரை போடுகிறவர்கள் இறவாரத்திலிருந்து தொடங்கி மேலே ஏறுவார்கள். மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டின்மேல் படிந்திருந்தால்தான் தண்ணீர் வழிந்து ஓடும்; மாற்றி அடுக்கினால் ஒவ்வொரு இணைப்பும் தண்ணீரை உள்ளே அள்ளிப் போடும். ஓடுகிற காரின் அடிப்பாகத்துக்கும் இதே கணக்குதான். ஆனால் அங்கே தண்ணீர் மேலிருந்து வருவதில்லை, முன்னாலிருந்து வருகிறது. சாலையில் தேங்கிய நீரை முன்சக்கரங்கள் வாரி இறைக்கின்றன. வண்டியின் வேகம் அதைப் பின்னோக்கி அழுத்துகிறது. ஆகவே முன் தகட்டின் விளிம்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், பின் தகடு அதன் உள்ளே ஒடுங்க வேண்டும். தொடக்க கால மினிகளில், ஓட்டுநரின் பாதம் சாயும் முன் தகடும் தரைத் தகடும் சேரும் இடத்தில் இந்த அடுக்கு மாறியிருந்தது. தரைத் தகட்டின் விளிம்பு வெளியே நின்று, வரும் நீரை நோக்கி வாய் திறந்திருந்தது. ஸ்பாட் வெல்டிங் என்பது தையல் போல, புள்ளி புள்ளியாகத்தான் தகடுகளைப் பிடிக்கும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அடைப்பது மெழுகு போன்ற பூச்சு மட்டுமே. மெதுவாக வழியும் தண்ணீரை அந்தப் பூச்சு தடுத்துவிடும். வேகத்தோடு மோதும் தண்ணீருக்கு முன்னால் அது தாக்குப்பிடிக்காது.

இதைச் சோதனையில் ஏன் கண்டுபிடிக்கவில்லை? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், 1959 கோடை இங்கிலாந்தில் வறண்டிருந்தது என்பது. அது உண்மைதான், அந்த ஆண்டு வறட்சி இலையுதிர்காலம் வரை நீண்டது. ஆனால் மாதிரி வண்டிகள் 1957 அக்டோபரிலேயே சாலைக்கு வந்துவிட்டன. இடையில் இரண்டு குளிர்காலங்கள் போயிருக்கின்றன. இங்கிலாந்தின் இரண்டு குளிர்காலங்களில் மழையே பார்க்காமல் ஒரு கார் ஓட முடியாது. பழியை வானத்தின்மேல் மட்டும் போடுவது சரியாக வராது. அந்த மாதிரி வண்டிகள் கையால் கட்டப்பட்டவை என்பதைக் கணக்கில் எடுத்தால்தான் விஷயம் விளங்குகிறது. பட்டறையில் ஒரு வண்டியை ஒரு குழு உருவாக்கும்போது, ஒவ்வொரு இணைப்பின்மேலும் கண்ணும் கையும் படும். லாங்பிரிட்ஜ், கௌலி தொழிற்சாலைகளின் வரிசையில் நின்று தகடு சேர்ப்பவருக்கு அந்த நேரம் கிடையாது. தொழிற்சாலை வண்டிகள் வெளிவரத் தொடங்கியது 1959 வசந்தத்தில். அன்று முதல் வெளியீட்டு நாள் வரை, பெரும்பாலும் வறண்டிருந்த அந்த மாதங்கள்தான் அவற்றுக்குக் கிடைத்தன. நிறுவனத் தலைவர் லெனார்ட் லார்ட் 1958 ஜூலையில் மாதிரியை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஓராண்டுக்குள் உற்பத்திக்கு வர வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார். சூயஸ் நெருக்கடியால் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்து, பபிள் கார்கள் எனப்பட்ட குட்டி வண்டிகள் சாலையை நிரப்பிய காலம்; அவசரத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் நாட்காட்டியில் ஒரு மழைக்காலத்துக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

அவ்வளவு மலிவான காரில் இதெல்லாம் சகஜம் என்று ஒருவர் சொல்லலாம். போட்டி நிறுவனமான ஃபோர்டு ஒரு மினியைக் கழற்றிக் கணக்குப் பார்த்து, ஒவ்வொரு வண்டிக்கும் சுமார் 30 பவுண்டு நஷ்டம் என்று முடிவுகட்டியதாக வரலாறு சொல்கிறது. அந்த நெருக்கடியில் யார் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்கள் என்பது கேட்க நியாயமாகத்தான் படும். ஆனால் ஒரு விளிம்பை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்பதற்கு, வரைபடத்தில் இருக்கும்போது காசு செலவில்லை. தகடு அழுத்தும் அச்சுகள் வார்த்து, வரிசை ஓடத் தொடங்கிய பிறகுதான் அதற்கு விலை கூடுகிறது. அதே வண்டியில், மலிவுக்காகவே செய்த இன்னொரு வேலையைப் பாருங்கள்: உடலின் மூலைகளில் இணைப்பு விளிம்புகளை வெளிப்பக்கம் மடித்துவிட்டார்கள், வெல்டிங் கருவி எளிதாக எட்டட்டும் என்று. மினியின் முகத்தருகிலும் பின்மூலையிலும் தெரியும் அந்த வரம்புகள் செலவைக் குறைத்தன. நீரைப் பற்றிய தொல்லையும் அங்கே பெரிதாக இல்லை. மலிவும் உலர்ச்சியும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல என்பதை அந்தக் காரே காட்டுகிறது. முன்பக்கக் கிரில்லுக்குப் பின்னாலும் இதே கதை நடந்தது. மாதிரி வண்டியில் இருந்த என்ஜினைத் திருப்பி வைத்தபோது, கார்புரேட்டர் பின்னால் போய், மின்பொறி பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால் வந்தது. கனமழையில் கிரில் வழியாகத் தண்ணீர் அதன்மேல் அடித்து என்ஜின் நின்றது. அதற்கும் பிறகுதான் ஒரு தடுப்பு வைக்கப்பட்டது. இரண்டிலும் முன்னுரிமைப் பட்டியல் ஒன்றே: முதலில் இடம், பிறகு விலை, பிறகு தேதி. தண்ணீர் கடைசியில் வந்தது.

கடைசியில் வந்த அந்தப் பிரச்சினை யார் தலையில் விழுந்தது என்பதைப் பேசாமல் இந்த வரலாறு முழுமையடையாது. ஒழுகல் தேடுவது தனி வித்தை. நனைந்திருக்கும் இடம் தண்ணீர் புகுந்த இடமாக இருக்காது. மொட்டை மாடியின் விரிசல் ஒரு மூலையில் இருக்க, ஓதம் வேறு சுவரில் தெரிவதைப் போலத்தான். மினியில் ஓட்டுநர் பக்கம் தரை நனைந்தால் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் பல: தரை இணைப்பு, கதவின் ரப்பர், முன்கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், என்ஜின் அறைத் தடுப்பில் கேபிள் நுழையும் துளைகளில் உள்ள ரப்பர் வளையங்கள், சக்கர வளைவிலிருந்து காற்று இழுக்கும் குழாய். அனுபவம் உள்ள மெக்கானிக் முதலில் விரிப்பையும் அதன் அடியில் உள்ள கம்பளத்தையும் எடுத்து வெளியே போடுவார். ஊறிய கம்பளம் எல்லாத் தடயத்தையும் அழித்துவிடும். தரையைத் துடைத்து உலர்த்தி, இணைப்புகளில் பவுடர் தூவி, ஒருவரை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்து, இன்னொருவர் ஹோஸைப் பிடிப்பார். கீழே தொடங்கி ஒவ்வோர் இடமாக மேலே போவார். மேலிருந்து தொடங்கினால் வழிகிற நீர் எல்லா இணைப்பையும் நனைத்து, எது குற்றவாளி என்று தெரியாமல் செய்துவிடும். ஆனால் மினியின் தரை இணைப்பு இந்த முறைக்கும் எளிதில் அகப்படாது. நிற்கும் வண்டியின் அடியில் ஹோஸ் அடித்தால் வேகம் இல்லை. ஓடும் வண்டியில்தான் அது தன் வாயைக் காட்டும். இப்படி மழையில் ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் வரைபட மேசையில் உட்கார்ந்திருக்கவில்லை.

அப்படியும் மினி விற்றது, 1964, 1965, 1967 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலிப் பந்தயத்தை வென்றது, 2000 வரை 50 லட்சத்துக்கும் மேல் தயாரானது. கால் நனைந்ததால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. வெற்றியை மறுக்கவில்லை. ஆனால் நட்டம் விற்பனைக் கணக்கில் தெரியாத இடத்தில் இருந்தது. தரை இணைப்பின் வடிவத்தை மாற்றும் வரை, இடைக்காலத் தீர்வாகப் பக்கவாட்டுப் பெட்டிச் சட்டங்களுக்குள் பாலியூரித்தேன் நுரையை ஊற்றி அடைத்தார்கள். நீர் புகும் வழி அடைபட்டது உண்மை. ஆனால் எப்படியாவது உள்ளே போய்விட்ட ஈரத்துக்கு வெளியேறும் வழியும் அடைபட்டது. நுரைக்கும் தகட்டுக்கும் நடுவே அது தங்கி, உள்ளிருந்து தகட்டைத் துருவாக அரித்தது. நகர்த்தித் திறக்கும் பக்கக் கண்ணாடிகளின் தடத்திலும் மழைநீர் தேங்கும். அந்தத் தடத்தின் துணியில் பாசி முளைத்த மினிகளைப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் நன்றாக அறிவார்கள்.

விட்னியில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் மினிக்கான உடல் கூடுகளை இன்றும் செய்து தருகிறது. பழைய மினியை மீட்கிறவர்கள் தரையைப் பிரிக்கும்போது, பக்கச் சட்டத்தின் துருப்பிடித்த தகட்டை முதலில் வெட்டி எடுக்கிறார்கள். புதுத் தகட்டை வெல்டிங் செய்த பிறகு, இணைப்பு முழுக்க விரலால் பூச்சைத் தடவி, ஒரு புள்ளிகூட விடாமல் அழுத்துகிறார்கள். கம்பளம் விரிப்பதற்கு முன்பே, ஹோஸைக் கீழிருந்து பிடிக்கிறார்கள்.