‘இஞ்சுரி’ என்னும் சொல்

ஆங்கிலங் கற்ற நம்மவர் ‘இஞ்சுரி’ என்றதும் காயம் என்றே பொருள் கொள்வர். ஆயின் அச்சொல்லின் வேரிலே உடலைப் பற்றிய பேச்சே இல்லை. இலத்தீன் மொழியில் ‘யூஸ்’ என்பது சட்டம் அல்லது உரிமை. ‘இன்’ என்பது எதிர்மறை முன்னொட்டு. இரண்டுங் கூடிய ‘இன்யூரியா’ என்பதன் பொருள் அநீதி என்பதே. ‘ஜஸ்டிஸ்’, ‘ஜூரி’ என்பனவும் அந்த ‘யூஸ்’ வழிவந்தவையே.

கி. மு. 451 - 450இல் உரோமர் வகுத்த பன்னிரு பலகைச் சட்டத்திலே, சுயாதீனனுடைய எலும்பை முறித்தவனுக்கு 300 ஆஸ் தண்டம். அடிமையின் எலும்பாயின் 150. (இப்பாதிக் கணக்கை அவர்கள் ‘இன்யூரியா’ என்று எண்ணவில்லைப் போலும்!) அவற்றிலுஞ் சிறிய தாக்குதலாகிய ‘இன்யூரியா’வுக்கு 25 ஆஸ்.

நூற்றாண்டுகள் கழிந்தன. காசின் பெறுமதி தேய்ந்தது. சட்டத்திலுள்ள தொகையோ அப்படியே நின்றது. லூசியஸ் வெராத்தியஸ் என்னுஞ் செல்வன் தெருவில் எதிர்ப்பட்டோரைக் கன்னத்தில் அறைவதையே பொழுதுபோக்காகக் கொண்டானாம். பணப்பையோடு பின்னே வரும் அடிமை, அறைபட்டவனுக்கு உடனே 25 ஆஸ் எண்ணிக் கொடுப்பான். கி. பி. 2ஆம் நூற்றாண்டில் கெல்லியஸ் என்பார் எழுதிவைத்த கதை இது. உண்மையோ கட்டுக்கதையோ, அது காட்டும் இடர்ப்பாடு மெய்யானது. எலும்பு முறியவில்லை, இரத்தஞ் சிந்தவில்லை. பலர் காண நடுத்தெருவிற் பட்ட அவமானத்துக்கு விலை யாது?

‘பிரேத்தர்’ எனப்பட்ட நீதியதிகாரிகள் அந்நிலையான தொகையைக் கைவிட்டு, வழக்குக்கு வழக்குத் தக்க தொகையை மதிப்பிட வழிசெய்தனர். நாளடைவிற் கைதீண்டாது வசைமொழியால் இழைக்கும் அவமதிப்பும் ‘இன்யூரியா’ ஆயிற்று. பிரெஞ்சு மொழியில் இன்றும் ‘அன்ஜூர்’ என்பது வசைமொழியே. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துட் புகுந்தபோதும் அநீதியென்ற பொருளே முதன்மை பெற்றது. காயமென்ற பொருள் பின்னரே மேலோங்கிற்று.

இக்கதை நமக்குப் புறம்பானதன்று. ஒல்லாந்தர் இலங்கைக்குக் கொணர்ந்த உரோம டச்சுச் சட்டத்தை ஆங்கிலேயர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் நீடிக்கவிட்டனர். நம் நீதிமன்றங்களில் மானநஷ்ட வழக்கு இன்றும் ‘அக்தியோ இன்யூரியாரும்’ என்னும் அந்த உரோம வழக்குமுறையைத் தழுவியே நடைபெறுகின்றது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையும், உடல், உள்ளம், நற்பெயர், சொத்து ஆகியவற்றுக்குச் சட்டவிரோதமாக விளைக்கப்படும் எத்தீங்கையும் ‘இஞ்சுரி’ என்றே வரையறுக்கின்றது. அந்நான்கனுள் உடல் ஒன்றுமாத்திரமே.